கூரைகள் விலகிய வருடம்

ஏப்ரல் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குச் சற்று முன்னால், வுகாஷின் வீட்டுக் கூரை சுவரை விட்டு ஒரு முழம் எழும்பி, கிழக்கே நகர்ந்து, பிளம் தோட்டத்தில் இறங்கி உட்கார்ந்தது. இரண்டு ஓடுகள் உடைந்தன. ஐம்பது உடைந்ததாகச் சிலர் இன்னும் சொல்லித் திரிகிறார்கள். அவர்கள் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. காற்றும் இல்லை, நில நடுக்கமும் இல்லை. வுகாஷின் அப்போது அடுக்களை மேசையில் பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி தெசங்கா அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள், பிறகு குனிந்து சூப்பில் தூசி விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். விழவில்லை.

ஸ்டுடேனா நிலக்கரிச் சுரங்கம் இடிந்த ஒன்பதாவது நாள் அது. இறங்கிய ஐந்து பேரில் வுகாஷின் ஒருவன்தான் வெளியே வந்தான், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல். மற்ற நால்வரை எடுக்க வழியில்லை என்று சுரங்கத்தின் வாயை அடைத்துவிட்டார்கள். அந்த நால்வரில் ஒருவன் தோமா, இன்னொருவன் மிலுன், வுகாஷினுக்கு அடுத்த வீட்டுக்காரன், ஸ்தானியாவின் புருஷன். உள்ளே என்ன நடந்தது என்று விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டார்கள், பாதிரியார் கவ்ரிலோ கேட்டார், ஸ்தானியா வேலியோரம் நின்று கேட்டாள். அவன் யாருக்கும் வாய் திறக்கவில்லை.

கூரையைத் தூக்கித் திரும்ப வைக்கப் பதினாறு ஆளும் மூன்று நாளும் ஆயிற்று. வுகாஷின் உள்ளே கால் வைத்ததும் அது மறுபடி எழும்பியது. இந்த முறை மேற்கே போய்க் கோழிக்கூண்டின் மேல் இறங்கியது. ஏழு கோழிகள் நசுங்கின. அந்தக் கோழிகளை வுகாஷின் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான், அதற்குப் பிறகு எந்தக் கூரைக்கு அடியிலும் போகவில்லை. கோயிலுக்கு வந்தால் வெளியே நிற்பான். பேருந்து ஏறமாட்டான். மழையில் யாரோ குடை பிடித்தார்கள். குடை கையை விட்டுப் பறந்து மாதா கோயில் மணிக்கூண்டில் மாட்டிக்கொண்டது. சாபம் என்று சிலர், சுரங்க வாயு என்று சிலர். தெசங்கா மட்டும் வேறு சொன்னாள்: இவர்மேல் விழுந்துவிடுவோமோ என்று கூரைகளுக்குப் பயம், அதனால் ஒதுங்கிக்கொள்கின்றன.

அவன் பின்முற்றத்தில், திராட்சைப் பந்தலுக்கு அடியில் குடியேறினான். பந்தலில் இடுக்குகள் இருந்ததால் அது கூரைக் கணக்கில் சேரவில்லை போலும், அசையாமல் நின்றது. அங்கேயே கட்டில், அங்கேயே மேசை. ஆனால் தன்னைச் சுற்றிப் பத்து அடிக்குள் யாரையும் விடமாட்டான். தெசங்கா தட்டை மேசையின் இந்த ஓரத்தில் வைத்துவிட்டு விலகிப் போனால்தான் அந்த ஓரத்திலிருந்து எழுந்து வந்து எடுத்துக்கொள்வான். இருபத்திரண்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். கோடைக்காலத்தில் அவள் அதைப் பொறுத்துக்கொண்டாள், திராட்சைக் குலைகளும் தேனீக்களுமாக இருந்தது. அக்டோபரில் இலை கொட்டியதும் அவள் நாட்களை எண்ணத் தொடங்கினாள். எங்கள் ஊரில் ஜனவரி மாதம் வாளித் தண்ணீர் வாளியோடு உறையும். வெளியே படுக்கிற மனுஷன் பிப்ரவரியைப் பார்க்கமாட்டான்.

அவள் முற்றத்தைச் சூடாக்க இறங்கினாள். குளிர் கீழேயிருந்துதான் ஏறுகிறது என்று முதலில் தரைக் கற்களின் மேல் ஒரு முழ உயரத்துக்கு வைக்கோல் பரப்பினாள், அதன்மேல் பலகை, பலகைமேல் ஆட்டுத்தோல், எல்லாவற்றுக்கும் மேலே தன் கல்யாணத்துக்கு வந்த, பிரோட் ஊரில் நெய்த கம்பளம். அம்மா வீட்டிலிருந்து இரும்பு அடுப்பைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தாள். புகைக்குழாயைப் பந்தல் இடுக்கு வழியாக வெளியே விட்டாள். செங்கற்களை அடுப்பில் சுட்டு, கம்பளித்துணியில் சுற்றி, அவன் காலடியில் வைத்தாள். வடக்குப் பக்கம் விறகை ஆள் உயரத்துக்கு அடுக்கிச் சுவராக்கினாள். நல்ல சுவர்தான், காற்று துளிகூட வரவில்லை. ஆனால் எரிப்பதும் அதே விறகைத்தான். நவம்பர் முடிவதற்குள் சுவர் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. அவள் முற்றத்தின் நடுவில் உட்கார்ந்து அழுதாள். அவன் பத்தடி தள்ளி நின்று பார்த்தான், கிட்டே வரவில்லை.

அப்போதுதான் ஸ்தானியா வேலியைத் தாண்டி வந்தாள். கறுப்புத் துணி உடுத்தி எட்டு மாதம், அந்த எட்டு மாதமும் இந்த வீட்டுப் படி மிதிக்காதவள். வந்ததும் விரலை எச்சில் தொட்டுத் தூக்கிப் பிடித்தாள்.

"அடிப்பாவி, இந்தப் பக்கமும் திறப்பு, அந்தப் பக்கமும் திறப்பு! நடுவுல ஆளை உக்கார வச்சிருக்க. குளிர் கொல்லாதுடி, இந்தக் காத்துதான் கொல்லும்."

இரண்டு திறப்புகளுக்கு நடுவே ஓடும் காற்றுக்கு எங்கள் பக்கத்தில் ப்ரோமாயா என்று பெயர். நாங்கள் ஓநாய்க்குப் பயப்படமாட்டோம், போலீசுக்குப் பயப்படமாட்டோம், இதற்குப் பயப்படுவோம். பல்வலி, முடக்குவாதம், பிள்ளையில்லாமை எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். ஸ்தானியா தன் வீட்டுப் பழைய ஜன்னல்களைச் சட்டத்தோடு கொண்டுவந்து வடக்கே நிறுத்தினாள். மேற்கே மிலுனின் பட்டறைக் கதவு. கிழக்கே மிளகாய்ச் செடிக்குப் போடும் பிளாஸ்டிக் ஷீட்டு, மூன்று மடிப்பு. தெற்குப் பக்கம் மட்டும் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது. "இவ்ளோ எதுக்குக்கா செய்றீங்க?" என்று தெசங்கா கேட்டாள். "வெறும் வீட்டுல உக்காந்து என்னடி பண்றது?" என்றாள் ஸ்தானியா.

டிசம்பர் பத்தொன்பது, புனித நிக்கோலா நாள், வுகாஷின் குடும்பத்தின் ஸ்லாவா. குடும்பப் புனிதரின் நாளில் யாரையும் அழைக்கக் கூடாது, வந்தவரைத் திருப்பி அனுப்பவும் கூடாது. வீட்டுக்காரன் மேசையின் தலைப்பக்கம் நின்று மெழுகுவர்த்தி ஏற்றி ரொட்டி வெட்ட வேண்டும். ஒரு வருடம் தவறினால் அந்த வீடு அணைந்தது என்று பேசுவோம். வுகாஷின் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டான்: "வாசலைப் பூட்டிடு. யாரும் வரக்கூடாது." தெசங்கா மெழுகுவர்த்தி வாங்கினாள், நோன்பு நாள் என்பதால் கெண்டை மீன் வாங்கினாள், கோதுமையை வேகவைத்து வால்நட்டும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்தாள். "நான் பூட்டமாட்டேன்யா. வேணும்னா நீ எழுந்துபோய்ப் பூட்டு" என்றாள். பூட்டு தொங்கியது வாசல் வளைவுக்கு அடியில். அந்த வளைவும் கூரைதான். அவனால் போக முடியவில்லை.

முந்தின இரண்டு நாளும் பனி கொட்டியிருந்தது, ஸ்லாவா அன்றும் விடவில்லை. அதுவரை தெற்குத் திறப்பு வழியாக நுழைந்த காற்று பந்தலை உலுக்கி, பனியைத் தங்கவிடாமல் உதிர்த்துக்கொண்டிருந்தது. ஸ்லாவா அன்று காலையில் விருந்தாளிகளுக்குக் காற்று அடிக்கப்போகிறதே என்று ஸ்தானியா அந்தத் திறப்பிலும் கனத்த போர்வையைத் தொங்கவிட்டாள். பந்தல் அசைவதை நிறுத்தியது. கொடிகள்மேல் பனி ஏறியது. அடுப்புச் சூட்டில் அடிப்பக்கம் உருகியது, மேலே இருந்த குளிரில் உடனே இறுகியது. நண்பகலுக்குள் பந்தல் இடுக்கெல்லாம் அடைபட்டு நான்கு விரல் கனத்தில் ஒரே பனிக்கட்டிப் பாளமாகிவிட்டது. யாரும் மேலே பார்க்கவில்லை. உள்ளே அவ்வளவு கதகதப்பாக இருந்தது, வந்தவர்கள் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

பதினொரு பேர் வந்தார்கள், பாதிரியாரையும் ஸ்தானியாவையும் சேர்த்து. வுகாஷின் சுவரோரம் ஒண்டினான். ஆனால் ஸ்லாவா ரொட்டியை வீட்டுக்காரன் தொடாமல் வெட்ட முடியாது. பாதிரியாரும் அவனும் ரொட்டியைக் கையில் ஏந்திச் சுற்ற வேண்டும், எட்டியவர்கள் ரொட்டியைத் தொட வேண்டும், எட்டாதவர்கள் முன்னால் நிற்பவரின் தோளைத் தொட வேண்டும். "வாப்பா, புனிதர் காத்துட்டிருக்கார்" என்றார் கவ்ரிலோ. அவன் வந்தான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவனைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். தெசங்கா ஒரு தோளில் கை வைத்தாள், ஸ்தானியா மறு தோளில்.

ரொட்டி முதல் சுற்றுப் போகும்போது பந்தல் கம்பங்களை விட்டு எழும்பியது. சத்தம் பெரிதாக இல்லை, உறைந்த குளத்தில் நடந்தால் வருமே, அவ்வளவுதான். எல்லோரும் அண்ணாந்தார்கள். வண்டிமாடு அளவுக்குக் கனமுள்ள பனிப்பாளம் தலைக்கு மேல் ஒரு கை உயரத்தில் நின்று, எந்தப் பக்கம் போகலாம் என்று தேடுவதுபோல் லேசாக ஆடியது.

"ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!" என்று வுகாஷின் கத்தினான். "அது என்மேல விழாது, உங்கமேல விழும்! அன்னிக்கும் அப்படித்தான். என் தலைக்கு மேல இருந்த பாறை விழல, ஒதுங்கிச்சு. ஒதுங்கி அவங்க நாலு பேரு மேல போய் உக்காந்துச்சு. பத்தடி தள்ளிதான் நின்னாங்க. எனக்கு வந்தது அக்கா, எனக்கு!"

கடைசிச் சொற்கள் ஸ்தானியாவுக்கு. அவள் கை அவன் தோளில் இருந்தது. அந்தக் கையை அவள் எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் இந்த ஊரில் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டோம். அவள் முகம் வெளுத்ததை எல்லோரும் பார்த்தார்கள். கை அங்கேயே இருந்தது.

"மிலுன் பக்கத்துல யாரு இருந்தா?"

"தோமா. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சிருந்தாங்க."

"தனியா இல்லையே?"

"இல்லக்கா."

ஸ்தானியா அழுதாள். சத்தம்போட்டு, வாயைப் பொத்தாமல், எட்டு மாதத்து அழுகையை அழுதாள். பிறகு அந்தக் கையாலேயே அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, அவன் விலாவோடு ஒட்டி நின்றாள்.

"இப்ப நான் ஒட்டித்தான் நிக்கிறேன். எங்க ஒதுங்குதுன்னு பாத்துருவோம். ரொட்டியத் திருப்புடா."

மற்றவர்களும் நெருங்கினார்கள். ஓடியவர் ஒருவரும் இல்லை. பாதிரியார் ஓட நினைத்ததாகப் பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். பாளம் கிழக்கே ஒரு சாண் நகர்ந்தது, அங்கே தெசங்கா. மேற்கே நகர்ந்தது, அங்கே ஸ்தானியா. அவன் எது, மற்றவர் எது என்று பிரித்துப் பார்க்க இடம் விடாமல் வந்த பதினொரு பேரும் தெசங்காவும் அவன்மேல் சாய்ந்து நின்றார்கள். அது ஆட்டத்தை நிறுத்தியது. இறங்கவில்லை, போகவும் இல்லை. ரொட்டி மூன்று சுற்றும் முடிந்தது. ஒயின் ஊற்றி வெட்டினார்கள். மீன் நன்றாக இருந்தது, உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

மார்ச்சில் பனி உருகி ஓரமாகச் சொட்டியது, கொடிகள் மட்டும் அந்தரத்தில் தங்கின. மண்ணில் இருந்த வேர் அறாமல் அவையே நீண்டு கொடுத்தன. ஏப்ரலில் இலை விட்டன. திராட்சை பறிக்க இப்போது ஏணி வேண்டும். பதினான்கு வருடமாக வுகாஷின் வீட்டுக்குள் போகிறான், கோயிலுக்குப் போகிறான், பேருந்திலும் போகிறான், பக்கத்தில் யாராவது உரசி உட்கார்ந்திருந்தால் போதும். கூரை ஒரு கை எழும்பும், நிற்கும், அவன் இறங்கிப் போனதும் தன் இடத்தில் உட்காரும். ஓட்டுநர் அதற்காக வண்டியை நிறுத்துவதில்லை. ஆனால் குளிர்காலத்தில் அவனுக்குப் பின்முற்றம்தான் பிடிக்கும். ஊரில் தனியாக இருப்பவர்கள் எல்லாரும், சுரங்கத்தில் போன அந்த நால்வரின் வீட்டுப் பெண்கள் உட்பட, நவம்பரிலிருந்து அங்கேதான் வந்து உட்காருகிறார்கள். விறகு ஆளுக்கு ஒரு கட்டு கொண்டுவருகிறார்கள். முதலில் வருகிறவர் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொள்கிறார். மேலே பனி ஏறிய பந்தல் நிற்கிறது. அதை இப்போது யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.