முட்டையா டிவியா

மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்ட நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் யார் கரண்டைப் பற்றிப் பேசினாலும் நடுவில் நுழைந்துவிடுவார். அந்தப் பவிசு ஒரு பட்டப்பகலில் காற்றில் போனது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, மாடியில் எட்டு பேனலும் பளபளக்கின்றன, கீழே முட்டை பொரிக்கிற என் இன்குபேட்டர் பெட்டி அணைந்து கிடக்கிறது. தெருவில் காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. பொரிக்க மூன்றே நாள் இருந்த நூற்றெண்பது முட்டையில் ஒன்றுகூடத் தேறவில்லை. உட்கார்ந்து அழுதேன். கோழிக்குஞ்சு விற்பது எனக்குத் தொழில், பொழுதுபோக்கு இல்லை.

பேனல் போட்டபோதே மருமகள் சொன்னாள். தெருவில் கரண்ட் போனால் இதுவும் தானாக நின்றுவிடும், கம்பத்தில் வேலை செய்கிறவர் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாதென்று அப்படி வைத்திருக்கிறார்கள் என்றாள். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத பெண், இவளுக்கென்ன தெரியும் என்று நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் எலக்ட்ரீஷியன். அது தெரிந்தேதான் கேட்கவில்லை.

இந்த முறை எல்லாம் அவள் சொன்னபடி. பேனலோடு வந்த, பேட்டரி இல்லாத பழைய இன்வெர்ட்டரைக் கழற்றி, பேட்டரியோடு சேர்ந்து ஓடும் புதியதை மாட்டினாள். பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டி. கரண்ட் போனால் அதில் இணைத்தவை மட்டும்தான் ஓடும். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. இவருக்கு ஏசி வேண்டும், டிவி வேண்டும், தண்ணீர் மோட்டார் வேண்டும். காகிதத்தில் எழுதியே கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். இன்குபேட்டர், ஃப்ரிட்ஜ், ஒரு ஃபேன், ஒரு விளக்கு மிஞ்சின.

டிவியாவது இருக்கட்டுமே என்று இழுத்தார்.

"முட்டையா டிவியான்னு அத்தையே சொல்லட்டும், மாமா."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். டிவி வேண்டாம் என்றேன். அன்று ராத்திரி வரை இவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போது இன்குபேட்டர் பெட்டிக்குள் புது முட்டைகளுக்குப் பதினாறாம் நாள். வயர் மாற்றிய அரை மணி நேரமும் பெட்டியைப் போர்வையால் மூடிக் காத்தேன். வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று என்னை மெயின் ஸ்விட்ச் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"நீங்களே அணைங்க, அத்தை. நான் அணைச்சா உங்களுக்கு நம்பிக்கை வராது."

கை போகவில்லை. இந்த முட்டைகளும் போனால் அவளை மன்னிக்க மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். இருந்தும் நகராமல் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு அணைத்தேன். ஹாலில் டிவி நின்றது, இவர் முணுமுணுத்தார். இன்குபேட்டரில் முப்பத்தேழரை டிகிரி அப்படியே இருந்தது. சாயங்காலம் வரை மெயினைப் போட அவள் விடவில்லை.

பொரிக்கும் நாளில் நிஜமாகவே கரண்ட் போனது. சத்தியமாக எனக்குத் தெரியாது. தெருக்கோடி டெய்லரம்மா, தையல் மெஷின் நின்றுபோய்ப் பொழுது போகாமல் எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பெட்டிக்குள் ஒரே கீச்சுக்கீச்சு. அதற்குள் நூற்று அறுபத்திரண்டு குஞ்சுகள் வந்திருந்தன. பெருமை தாங்கவில்லை எனக்கு. ஒரு குஞ்சை எடுத்து டெய்லரம்மா கையில் வைத்தேன். கரண்ட் போயும் இங்கே ஓடுகிறதே, எந்தக் கம்பெனிக்காரர்கள் வந்து செய்தார்கள் என்று கேட்டார்.

"கம்பெனி இல்ல. என் மருமக செஞ்சா."

"அவ ஆபீஸ்ல வேலை பாக்கறான்னு சொன்னீங்களேக்கா?"

ஆமாம், சொன்னேன். ஏணி ஏறுகிற மருமகள் என்று சொல்ல வெட்கப்பட்டு, தெரு முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். அவள் எங்களுக்குப் பின்னால் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பொய் சொன்னேன்," என்றேன், அவள் காதில் நன்றாக விழும்படி. "எலக்ட்ரீஷியன் அவ. உங்க வீட்டுக்கும் அவளையே கூப்பிடுங்க. என்ன சொன்னாலும் முதல் தடவையே கேட்டுக்கோங்க."