பதினாலு மீட்டர்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதை ஒரு லிஃப்ட் மெக்கானிக்கிடம் சொன்னால் எப்படி? முப்பது வருஷமாக, லிஃப்ட் நின்றுபோன கட்டடங்களில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உச்சியில் இருக்கும் மோட்டார் அறைவரை படியேறியே போனவர் அவர். "ஊருக்கெல்லாம் லிஃப்ட், எனக்கு மட்டும் படி" என்று அவரே அலுத்துக்கொள்வார்.

நான் காலையில் தையல் கடைக்குப் போனால் மாலையில்தான் திரும்புவேன். பகலில் இவரை யார் பார்த்துக்கொள்வது? அதனால் எங்கள் மகள், மலையேறப் போகும்போது கட்டிக்கொள்ளும் தன் கைக்கடிகாரத்தை அப்பா கையில் கட்டிவிட்டுப் போனாள். எத்தனை மீட்டர் ஏறினோம் என்று அது காட்டிக் கொடுத்துவிடும். நாங்கள் குடியிருப்பது பதினோரு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில். அது கடல்மட்டத்துக்கு மேலே அறுபத்திரண்டு மீட்டர். தினமும் காலையில் அந்த எண்ணைக் கடிகாரத்தில் சரியாக வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

வியாழக்கிழமை மாலை வந்து பார்த்தால், ஏறியது பதினாலு மீட்டர் என்று இருந்தது.

"எங்க ஏறினீங்க?"

"நானா? சோஃபாவ விட்டு எழுந்திருக்கவே இல்லையே."

"அப்ப இது பொய் சொல்லுதா?"

"பொய்யில்ல, ஏமாந்துபோச்சு. இதுக்கு உயரம்னா என்னன்னே தெரியாது. உள்ள மெல்லிசா ஒரு தகடு இருக்கு. அது மேல காத்து எவ்வளவு அழுத்துதுன்னுதான் பாக்கும். மேல போகப் போக அழுத்தம் குறையும்ல, அதை வச்சு உயரத்தைக் கணக்குப் போடும். மழை வரப்பவும் அழுத்தம் குறையும். உடனே நாம ஏறிட்டோம்னு நினைச்சுக்கும்."

அன்று லேசாகத் தூறியது உண்மைதான். ஆனாலும் தொழில் பேச்சால் என்னை மடக்குவது அவருக்குக் கைவந்த கலை. எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைக் கழற்றித் தையல் மேஜைமேல் வைத்தேன். யாரும் தொடவில்லை. சாயங்காலத்துக்குள் அறுபத்திரண்டு, எழுபத்தொன்பது ஆகியிருந்தது.

"மேஜையையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. பதினேழு மீட்டர் ஏறியிருக்கு" என்றார் அவர்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கட்டின புருஷனைச் சந்தேகப்பட்டேனே என்று மன்னிப்புக் கேட்டு, டீயும் போட்டுக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து, "நாளைக்கு வேலைக்குப் போறேன். தேறிட்டேன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லியாச்சு" என்றார். டாக்டரைப் பார்க்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. குற்ற உணர்ச்சியில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

மேஜை ஏறிய வேடிக்கையைச் சொல்ல மகளுக்கு போன் செய்தேன். "பக்கத்துல இருக்கிற பட்டனை அமுக்கும்மா, எப்படி ஏறுச்சுன்னு கோடு காட்டும்" என்றாள். போனை வைத்ததும் அமுக்கினேன். ஞாயிற்றுக்கிழமைக் கோடு காலையிலிருந்து மாலைவரை லேசான சாய்வில், சோம்பேறித்தனமாக ஏறியிருந்தது. மறுபடி அமுக்கினால் முந்தின நாள். அப்படியே வியாழக்கிழமைக்குப் போனேன்.

அந்தக் கோடு பத்து மணிவரை படுத்துக் கிடந்தது. பிறகு வெடுக்கென்று ஓர் ஏற்றம், சின்ன நிறுத்தம். மறுபடி ஏற்றம், நிறுத்தம். நாலு மாடி தாண்டி இன்னும் பாதிப் படிக்கட்டு ஏறி, எழுபத்தாறில் நின்றுவிட்டது. இருபத்திரண்டு நிமிஷம் அசையவே இல்லை. அப்புறம் கொஞ்சம் இறங்கி, நாலாவது மாடியிலிருந்து நேர்க்கோடாகத் தரைக்கு விழுந்தது. அது லிஃப்ட். எந்த மழையும் அவ்வளவு அவசரப்படாது.

பொய் சொன்னதுகூடப் பெரிதாகப் படவில்லை. அந்த இருபத்திரண்டு நிமிஷத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அவர் கூடத்தில் உட்கார்ந்து கருவிப் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். கடிகாரத்தை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இந்த இருபத்திரண்டு நிமிஷம் என்ன பண்ணீங்க?"

கோடு படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"உக்காந்திருந்தேன்."

"எதுக்கு?"

"உச்சிவரைக்கும் ஏற முடிஞ்சா வேலைக்குப் போகலாம்னு பாத்தேன். மூச்சு முட்டிச்சு. கண்ணு இருட்டிச்சு."

"போன் சட்டைப் பையிலதான இருந்துச்சு? கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிட்டா இனிமே ஏறவே விடமாட்ட."

"இதையாவது கழட்டி வச்சிட்டுப் போயிருக்கலாம்ல?"

"எவ்வளவு ஏறுறேன்னு எனக்கும் தெரிய வேணாமா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நீங்க படியிலயே போய்ச் சேர்ந்திருப்பீங்க. நான் கடையில எவனோ ஒருத்தன் பேண்ட்டைக் குட்டையாக்கிட்டு இருந்திருப்பேன்!" என்று கத்திவிட்டு அழுதுவிட்டேன்.

அவர் கருவிப் பையை இழுத்து மூடினார். அப்புறம் போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு வரல சார். இல்ல, இன்னும் தேறல. ஏறிப் பாத்தேன், நாலு மாடிதான் முடிஞ்சுது."

அதை அவர் வாயால் சொல்ல வைக்கத்தான் நான் அவ்வளவு கத்தினேன். கேட்டபோது, சொல்லாமலே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. போனை வைத்தவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாலரை" என்றார், என்னிடம்.

"ஆமா, நாலரை" என்றேன்.