ஐந்தாவது நிமோனியா

எக்ஸ்ரே அறை வாசலில் நின்று ஷெரில் ஃப்ளெட் போட்ட சத்தம் வின்னிபெக் மருத்துவமனையின் அந்தத் தளம் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் ஏழு வயது மகள் டெஸ்ஸா, பனிக்கோட்டைக்கூடக் கழற்றாமல் இருமிக்கொண்டிருந்தாள்.

"மூணு வருஷத்துல அஞ்சாவது நிமோனியாவாம்! அதே வலது பக்கம், அதே அடி மூலை. அங்க என்ன வாடகைக்கா குடியிருக்கு? நாலு படி ஏறினா புள்ளைக்கு மூச்சு வாங்குது!"

உள்ளே திரை முன்னால் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்த டாக்டர் மார்லீன் பென்னருக்கு எரிச்சலாக வந்தது. காலையிலேயே அறுபது படங்கள் காத்துக் கிடந்தன. 'முந்தைய படத்திலிருந்து மாற்றம் இல்லை' என்ற வாக்கியம் ஒரே பொத்தானில் தயாராக இருந்தது. அழுத்தினால் வேலை முடிந்தது.

"லோர்னா, அந்தம்மாவைக் கொஞ்சம் உட்காரச் சொல்லேன்."

"அவங்க கேக்கறது நியாயம்தானே டாக்டர்?" என்றாள் படம் எடுக்கும் லோர்னா. "நிமோனியான்னா வரும், போகும். மூணு வருஷமா இடத்தை விட்டு அசையாத நிமோனியாவை நான் பார்த்ததில்ல."

மார்லீன் வேண்டாவெறுப்பாக ஐந்து படங்களையும் வரிசையாகத் திரையில் போட்டாள். ஐந்திலும், இதயத்தின் வலது ஓரமாக அரிவாள்போல் வளைந்து இறங்கும் ஒரு வெள்ளை நிழல். அது சளியே அல்ல, இரத்தக்குழாய். நுரையீரலிலிருந்து இதயத்தின் இடப்பக்கம் சேர வேண்டிய இரத்தத்தை வலப்பக்கத்துக்கே திருப்பிவிட்டுக்கொண்டிருந்த பிறவிக் கோளாறு. அபூர்வமானதுதான், ஆனால் அவள் படித்துத் தேறிய பாடம்.

பழைய அறிக்கைகளைத் திறந்தாள். முதலாவதில் நிமோனியா. அடுத்த மூன்றிலும் 'மாற்றம் இல்லை'. கடைசி அறிக்கையின் கீழே இருந்தது அவளுடைய பெயர். அவமானத்தில் முகம் சுட்டது.

இதய மருத்துவரிடம் பேசிவிட்டு வெளியே போனாள்.

"மன்னிச்சிடுங்க. இது நிமோனியா இல்ல. பிறந்ததுலேர்ந்தே ஒரு ரத்தக்குழாய் தப்பான வழியில போகுது. இதய டாக்டர் இன்னிக்கே ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறேன்னு சொல்லிட்டார். முதல் படத்துலயே தெரியுது. ஆனா முந்தின அறிக்கையை நம்பி 'மாற்றம் இல்லை'ன்னே எழுதிட்டு வந்திருக்கோம், நானும்தான்."

ஷெரில் இப்போது சத்தம் போடவில்லை.

"முன்னாடி எழுதினவர் பார்த்திருப்பார்னு அடுத்தவர் எழுதினாரு. அவர் பார்த்திருப்பார்னு நீங்க எழுதினீங்க. எம்பொண்ணை யாருதான் டாக்டர் பார்த்தீங்க?"

மார்லீன் திரும்பி வந்து முதல் வேலையாக அந்தப் பொத்தானிலிருந்த வாக்கியத்தை அழித்தாள்.

"லோர்னா, மாற்றம் இருக்கா இல்லையாங்கிறது அப்புறம். அங்க என்ன இருக்குன்னு ஒவ்வொருத்தரும் தன் கண்ணால பார்க்கணும். அடுத்தவர் கையெழுத்தை நம்பிக் கண்ணை மூடினா, போறது ஒரு புள்ளையோட உயிரு."