தழும்பு தெரியும் வெளிச்சம்

பதினாறு வருடங்களாகத் தானியேல் படம் எடுத்ததெல்லாம் ஷூக்களைத்தான். ஆம்பூரில் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றின் சாம்பிள் பிரிவில் அவனுக்கு வேலை. வெளிநாட்டுக்காரர்கள் ஷூவைக் கையில் எடுப்பதற்கு முன்னால் பார்ப்பது அவன் எடுத்த படத்தைத்தான். போன வருடம் ஆர்டர் சரிந்தது. சாம்பிள் படத்தைக் கம்ப்யூட்டரே வரைந்துவிடும் என்று மேலிடத்தில் யாரோ சொன்னார்கள். கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

மனைவி சலோமி அதே கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். அவளுக்கும் இப்போது வாரத்தில் பாதி நாள்தான் வேலை.

சத்துவாச்சாரியில் கல்யாண போட்டோ தொழில் செய்யும் பிரேம்நாத், தானியேலோடு பள்ளியில் படித்தவன். அவனிடம் போய் நின்றான்.

"ஒரு ஷூட் பண்ணிக் காட்டு தானி. பொண்ணு வூட்டுக்காரங்களுக்குப் புடிச்சிட்டா, இந்த சீசன் முழுக்க போர்ட்ரெய்ட் உனக்குத்தான். ஆனா லைட்டு நீதான் கொண்டாரணும். எங்கிட்ட இருக்கறது எனக்கே பத்தல."

சொந்தமாகக் கேமரா இருந்தது. விளக்குகள் எல்லாம் கம்பெனியுடையவை. தானியேல் வேலூருக்கு பஸ் ஏறினான்.

அங்கே கேமரா சாமான் விற்கும் நவீதின் கடையில் கண்ணாடி மேஜை மேல் இரண்டு ஃபிளாஷ்கள் வந்து உட்கார்ந்தன. இரண்டுமே பேட்டரியில் எரிபவை, தூக்கிக்கொண்டு எங்கேயும் போகலாம். ஒன்று சிறியது, நூறு வாட்ஸ். அதற்கு ஸ்டாண்டும், வெளிச்சத்தை மெத்தென்று ஆக்கும் வெள்ளைத் துணிப்பெட்டியும் சேர்த்துத் தருவதாக நவீத் சொன்னான். இன்னொன்று இருநூறு வாட்ஸ். விளக்கு மட்டும்தான், கூட எதுவும் கிடையாது. தானியேலின் கையிருப்புக்கு இரண்டில் ஒன்றுதான் கட்டும்.

"மூஞ்சி எடுக்கறதுக்கு சின்னதே ஜாஸ்திண்ணே. இந்த டப்பாவ மாட்டிக்கினா ஆளு பத்து வயசு கம்மியாத் தெரிவாரு."

"பெருச ஒரு தடவ அடிச்சுப் பாக்கறேன் பாய்."

தானியேல் தன் தோல் பர்ஸை எடுத்து மேஜையில் வைத்தான். விளக்கைப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேஜை மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடித்து அடித்தான். கேமராத் திரையில் பர்ஸின் ஒவ்வொரு மடிப்பும், ஒவ்வொரு மயிர்க்கண்ணும் எழுந்து நின்றன.

"கிரெயின் பாருங்க!" என்றான். ஆறு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தான்.

"பர்ஸுக்காண்ணே கல்யாணம்? என்ன எடுங்க."

எடுத்தான். நவீத் திரையைப் பார்த்தான். கன்னத்தில் சவரம் செய்யாத முடி முள் முள்ளாக நின்றது. மூக்கில் குழிகள் தெரிந்தன.

"யா அல்லா! இத எங்க வூட்ல காட்டிடாதீங்க. போன வருஷம்தான் நிக்கா ஆச்சி."

இருவரும் சிரித்தார்கள். தானியேல் பெரிய விளக்கை வாங்கிக்கொண்டான். வெளியில் எடுக்கும்போது வெயிலை ஜெயிக்கப் பவர் வேண்டும் என்பது நவீதிடம் சொன்ன காரணம். அது பொய்யும் அல்ல.

வாலாஜாபேட்டை பக்கம் பாலாற்று மணலில் ஷூட். மணப்பெண் கிறிஸ்டினா, பேங்க்கில் வேலை பார்ப்பவள். வாய் ஓயாமல் பேசினாள். மாப்பிள்ளையின் தொப்பையை உள்ளே இழுக்கச் சொல்லிக் கிண்டல் செய்தாள். அவளுடைய இடது கன்னத்தில் சின்ன வயதில் அம்மை போட்ட தழும்பு இருந்தது. மேக்கப்பில் முக்கால்வாசி மறைந்திருந்தது.

தானியேல் விளக்கை இடப்பக்கம் ஒரு கல் மேல் தாழ்வாக வைத்தான். யோசித்துச் செய்யவில்லை. கை அப்படித்தான் வைக்கும். ஷூவின் தோலில் உண்ணி கடித்த வடு இருந்தாலும் கம்பி கிழித்த கோடு இருந்தாலும், படத்தில் அது தெரிந்தே ஆகவேண்டும். மறைத்தால் சரக்கு கடல் தாண்டிப்போய்த் திரும்பி வரும். குறையைக் காட்டுவதுதான் நேர்மை என்று பதினாறு வருடம் கையில் ஏறியிருந்தது.

மறுநாள் பிரேம்நாத் போன் செய்தான்.

"இன்னா படம்பா இது? ரிஜெக்ட் பீஸுக்கு ரிப்போர்ட் எழுதின மாதிரி எடுத்து வச்சிருக்க! அந்தப் பொண்ணு பாத்துட்டு ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்கினாளாம். அவங்கம்மா என்னப் புடிச்சி வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க."

"டச்சப் பண்ணிக் குடுத்தா?"

"அவ பாத்துட்டாளே தானி."

தானியேல் போனை வைத்தான்.

"விளக்குதான் தப்பு. அந்தச் சின்னத வாங்கியிருக்கணும்" என்றான் சலோமியிடம். அவள் சாதத்தைப் போட்டாள். பிறகு, "மாத்திக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

நவீத் மாற்றித் தரவில்லை. ஆனால் கடையில் காட்சிக்கு வைத்திருந்த பழைய துணிப்பெட்டி ஒன்றைச் சும்மாவே கொடுத்தான். "வச்சிக்கோங்கண்ணே. ஓரம் கிழிஞ்சிருக்கு, அவ்ளோதான்."

பிரேம்நாத் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தான். ஆம்பூரில் தோல் வியாபாரி நிசார் அஹமது தன் ஆபீஸ் சுவரில் மாட்ட ஒரு படம் கேட்டிருந்தார். இந்த முறை தானியேலுக்கு நம்பிக்கை இருந்தது. விளக்கு இப்போது மெத்தென்று விழுகிறது. ஆளும் தோல்காரர்.

நிசார் அஹமது நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார்.

"சாம்பிள் ரூம்ல இருந்த பையன் தானே நீ? ஒண்ணு சொல்றேன் கேளு. நாப்பது வருஷமா தோலத்தான் பாக்கறேன். பேஜாராயிடுச்சி. எம் மூஞ்சிலயும் அதயே காட்டாத, ஆமா."

"சரிங்க பாய்."

நடுவில் பேத்தி அலீனா போனில் கூப்பிட்டாள். அவர் அவளோடு செல்லச் சண்டை போட்டார், தலையை ஆட்டிச் சிரித்தார். தானியேல் விடாமல் எடுத்தான். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து நல்லதாகப் பத்துப் படம் பொறுக்கினான். மெமரி கார்டையும் எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரிக்குப் போனான்.

பிரேம்நாத் பத்தையும் பார்த்தான்.

"லைட்டு நல்லா இருக்குடா. ஆனா எல்லாத்துலயும் பாஸ்போர்ட் ஆபீஸ்ல நிக்கற மாதிரி இருக்காரே. வேற இல்லயா?"

கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டினான். ஒரு படத்தில் நிறுத்தினான். நிசார் அஹமது காதில் போனோடு, கண் சுருங்க, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இத ஏன் தள்ளிவுட்ட?"

"தல ஆடிடுச்சி. தாடி ஓரத்துல ஷார்ப்பு கம்மி."

"இது?"

"அதுல கன்னம் லேசா கலங்கியிருக்கு."

"டேய், சிரிக்கறாருடா! மனுஷன் சிரிக்கறாரு! இதாண்டா படம்."

தானியேல் குனிந்து பார்த்தான். பிரேம்நாத் காட்டுவது என்னவென்று கண்டுபிடிக்க உண்மையாகவே முயன்றான். தாடி ஓரம்தான் கண்ணில் பட்டது. கலங்கியிருந்தது. சாம்பிள் பிரிவாக இருந்தால் அந்தப் படம் மேஜையைத் தாண்டிப் போயிருக்காது.

விளக்கு தப்பு இல்லை. அது அவனுக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. பழுதான விளக்கென்றால் மாற்றிக்கொள்ளலாம்.

பிரேம்நாத் நாற்காலியைத் திருப்பினான். குரல் இறங்கியிருந்தது.

"உனக்கு லைட்டு அளக்கத் தெரியுது தானி. அதுல உன்ன அடிச்சிக்க ஆளில்ல. கேமரா நான் புடிச்சிக்கறேன். நீ லைட்டப் புடிக்கறியா? உன் லைட்டுதான். அதுக்கும் வாடகை போட்டுத் தர்றேன்."

"எத்தன நாளைக்கி?"

"இனிமே அதான்டா. நான் சொல்றது புரியுதா?"

புரிந்தது. வீட்டுக்கு வந்து சொன்னான். சலோமி, "வாரா வாரம் குடுத்துடுவாரா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரம் மண்டபத்தில் வரவேற்பு. நீளக் கம்பின் முனையில் விளக்கை மாட்டி, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானியேல் மேடை ஓரத்தில் நின்றான். பட்டுச்சேலை கட்டிய அம்மாள் ஒருத்தி, "தம்பி, கொஞ்சம் ஒதுங்கு, வீடியோவுல வுழறே" என்றாள். ஒதுங்கினான்.

பிரேம்நாத் எடுத்த படத்தைக் கேமராவிலேயே காட்டினான். மணப்பெண், தோழிகள், மாப்பிள்ளையின் தங்கை எல்லோரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். "ஐயோ, செமையா வந்திருக்குடி!" என்று ஒருத்தி கத்தினாள். தானியேல் நின்ற இடத்திலிருந்து அந்தத் திரை தெரியவில்லை. எட்டிப் பார்க்க வேண்டும் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை. பார்த்தாலும் அவனுக்கு எது தெரியும்?

"லைட்டு அண்ணே, அடுத்து மாமா வூட்டுக்காரங்க" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

கம்பை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, அவர்கள் கைகாட்டிய இடத்தில் போய் நின்றான்.