வேலிக்கு மேல் வந்த கிளாஸ்

1.

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. வேலிக்கு மேலே, உயரமான ஒரு பீர் கிளாஸில் வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

கொடுத்தவர் பக்கத்து வீட்டு ரெனாட்டோ. தரைக்கு ஓடு பதிக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மெல்போர்னுக்கு வடக்கே எங்கள் ரெசர்வாயர் என்ற புறநகரிலேயே பிறந்து வளர்ந்த இத்தாலிய வீட்டுப் பிள்ளை. நானோ மாதக்கணக்கில் ஒரு வரிகூட எழுத வராமல், எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

“யோவ் எழுத்தாளரே, இதக் குடிச்சிடு. கேள்வி கேக்காத. கிளாஸ மட்டும் சத்தமில்லாம திருப்பிக் குடு.”

பாதி கிளாஸ்தான் இருந்தது. குளிர்ந்த கருப்புக் காபி. துளி கசப்பில்லை, பழச்சாறு போல் இறங்கியது. மதியத்துக்குள் நான் மூன்று தொடக்கங்கள் எழுதியிருந்தேன்.

ஒன்று: “காபி என்பது பொறுமையின்…” (வேண்டாம். காபியைப் பற்றி எழுதுகிறவனெல்லாம் பொறுமையில்தான் ஆரம்பிக்கிறான்.)

இரண்டு: “அந்த இலையுதிர்காலக் காலையில் ரெனாட்டோவின் இதயம் தாளம் தவறியபோது, எலுமிச்சை மரத்தில் ஒரு மேக்பை…” (பாவம் அந்தப் பறவை. அதற்கு இந்தக் கதையில் எந்த வேலையும் இல்லை.)

மூன்று: “ப்ரான்வின் தன் கணவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தாள், அன்பால்.”

மூன்றாவதை வெறும் பரபரப்புக்காக எழுதினேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. எழுதிய கை மட்டும் லேசாக உதறிக்கொண்டிருந்தது. எழுத்து திரும்பி வந்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

2.

ப்ரான்வின் ரெனாட்டோவின் மனைவி. செடிகள் விற்கும் நர்சரியில் வேலை. நகத்தில் எப்போதும் மண் இருக்கும். பிறந்ததிலிருந்து டீதான். கணவர் அடுப்பில் மோக்கா பானையை ஏற்றிக் குட்டிக் கோப்பையில் ஊற்றும் காபியைத் “தார்” என்பாள். “ரோடு போட மிச்சம் இருந்தா எனக்கும் குடு, ரென்.”

இலையுதிர்காலத்தில் அவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டார். “ஒரு நாளைக்கு ஒரு கப் காபி, அதோட நிறுத்திக்கோங்க” என்று டாக்டர் அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்ததும் ப்ரான் மோக்கா பானையைத் தூக்கி, ஷெட்டில் கிறிஸ்துமஸ் விளக்குகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். அந்த ஒரு கப்பை இனி அவளே போடுவாளாம்.

நர்சரியில் யாரோ, குளிர்ந்த நீரில் ஊறவைக்கும் காபி வயிற்றுக்கு மென்மையானது என்று சொல்லியிருக்கிறார்கள். வயிற்றுக்கு ஆனது நெஞ்சுக்கும் ஆகும்தானே? பெரிய ஜாடி, தாராளமாகப் பொடி, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில். காலையில் துணியில் வடித்து, வீட்டிலிருந்த உயரமான கிளாஸ் நிறைய.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஒரு வரைவில் ப்ரானைக் கொஞ்சம் அசடாக எழுதிப் பார்த்தேன். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் அவள் தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டுவதைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. ஒவ்வொரு தண்டுக்கும் எவ்வளவு தளர்வு வேண்டும் என்று தெரிந்து கட்டுகிற ஆள் அவள். அந்த வரைவைக் கிழித்துவிட்டேன்.]

3.

மறுநாளும் கிளாஸ் வந்தது. முந்தின நாள் குடித்ததும் எழுத வந்ததைச் சொல்லிவிட்டு, இம்முறை கேட்டுவிட்டேன்.

“உங்களுக்குன்னு போட்டத எனக்கு ஏன் குடுக்கறீங்க?”

ரெனாட்டோ சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். “குடிச்சா நெஞ்சு படபடன்னு அடிக்குதுய்யா. ஷெட்டுக்குப் போய் பெயின்ட் டப்பா மேல உக்காந்துக்கறேன். அடங்கினதும் வெளிய வர்றேன்.”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“என்னன்னு சொல்ல? இது பச்சப்புள்ள குடிக்கிற காபி. கசப்பே இல்ல. இதையே என் நெஞ்சு தாங்கலன்னா, அப்புறம் என்கிட்ட என்ன மிச்சம் இருக்கு? என் கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம். அத அவர் வாயால வேற கேக்கணுமா?”

“ப்ரான்கிட்டயாவது சொல்லலாமில்ல?”

“போய்யா. ஆஸ்பத்திரில என் கட்டில விட்டு நகரல அவ. காபிய மோந்துகூடப் பாக்காதவ, எனக்காகக் கத்துக்கிட்டா. தினமும் கிளாஸ வச்சிட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பா. நான் பாதியக் குடிச்சிட்டு ‘அருமை, நன்றி’ம்பேன். அப்ப அவ முகத்த நீ பாத்ததில்ல.”

வேலியைப் பிடித்திருந்த அவர் கை அசையவில்லை. குரல்தான் இறங்கிப்போனது.

4.

(இங்கே கதை கொஞ்சம் கட்டுரையாகும். அவசரக்காரர்கள் ஐந்துக்குப் போகலாம். போகாவிட்டால் நன்றி.)

இந்த ஊர்க்காரர்களுக்கு நாக்குதான் குலதெய்வம். ஒரே மிடறில் வாதுமைப்பழம், ரோஜா, ஈர மரம் என்று அடுக்குவார்கள். தண்ணீர் சூடு அதிகமென்றால் ரெனாட்டோ முகத்தைச் சுளித்தே சொல்லிவிடுவார். இப்படிப்பட்ட நாக்கு வாய்த்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்று உண்டு. வாய்க்கு லேசாக இருப்பது உடம்புக்கும் லேசு என்று நம்பிவிடுவது.

என் உதறும் கைக்குக் காரணம் தேடி, ஒரே கொட்டையை நாலு விதமாகப் போட்டுப் பார்த்தேன். மோக்கா பானையில் ஆவி நீரை விரட்டி மேலே தள்ளுகிறது. கொஞ்ச நேரம், கொஞ்சம் காபி, முகத்தில் அறைகிற கசப்பு. காகித வடிகட்டியில் மெல்ல ஊற்றினால் எண்ணெயெல்லாம் தாளிலேயே தங்கி, தெளிவாகப் பூ வாசத்தோடு இறங்குகிறது. சல்லடையை அமுக்கி வடிக்கும் பிளஞ்சரில் எண்ணெயும் சேர்ந்து வந்து நாக்கில் கனமாகப் படிகிறது. குளிர்நீரிலோ புளிப்பும் கசப்பும் பெரும்பாலும் பொடியிலேயே தூங்கிவிடுகின்றன. இனிப்பு மட்டும் எழுந்து வருகிறது.

ஆனால் காஃபீன் தூங்குவதில்லை. சூடான நீரில் சட்டென்று கரைகிறது, குளிர்நீரில் நிதானமாகக் கரைகிறது. இரவு முழுக்க நேரம் கொடுத்தால் நிறையவே வந்து சேர்ந்துவிடுகிறது. அதற்கென்று இருக்கும் கசப்பும் கொஞ்சம்தான். கோப்பையில் நாம் உணரும் கசப்பில் பெரும்பங்கு வறுப்பிலிருந்து வருவது. கடைசியில், எவ்வளவு பொடி போட்டாய், எவ்வளவு குடித்தாய் என்பதே கணக்கைத் தீர்க்கிறது. பொடிக்குப் பொடி மாறும் என்றாலும், ப்ரானின் கிளாஸில் காஃபீன் அந்தக் குட்டிக் கோப்பைத் தாரைப்போல் இரண்டு மூன்று மடங்காவது இருக்கும்.

ஆக, ரெனாட்டோவின் இதயம் தேய்ந்துகொண்டிருக்கவில்லை. குறைந்தபட்சம், அவர் நினைத்த காரணம் தப்பு.

5.

உடனே ஓடியிருக்க வேண்டும். நான் உட்கார்ந்து முடிவுகள் எழுதினேன். தொழில் புத்தி.

முடிவு அ: ஷெட்டின் கதவைத் திறந்த ப்ரான் அங்கே… (வேலிக்கு அந்தப் பக்கம் அவர் இருமினார். பேனா நின்றுவிட்டது.)

முடிவு ஆ: நான் யாருக்கும் தெரியாமல் ஜாடியில் தண்ணீர் கலக்க… (அடுத்த வீட்டுக் குளிர்பெட்டிக்குள் நான் எப்படிப் போவேன்?)

முடிவு இ: நான் வாயே திறப்பதில்லை. தினமும் பாதி கிளாஸ் வருகிறது. பாதியில் நின்ற நாவலை முடித்துவிடுகிறேன். (இது என்னை இழுத்தது. அந்தக் கிளாஸ் நின்றால் எழுத்தும் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.)

நான் இங்கே நல்ல முடிவு தேடிக்கொண்டிருக்க, அங்கே ஒரு மனிதர் பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து சாவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன்.

6.

“ரெனாட்டோ, அது லேசான காபி இல்ல.”

“என்ன உளர்ற? மோக்கா சத்தத்துல வளந்தவன்யா நான். எனக்கே காபி சொல்லித்தரியா?”

“உங்க நாக்க விடுங்க. என் கையப் பாருங்க.”

நீட்டினேன். காலையில் குடித்தது இன்னும் விரல் நுனியில் ஆடிக்கொண்டிருந்தது. ஊறலையும் பொடியையும் கிளாஸின் உயரத்தையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே என் கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை.

“அப்ப… நான் சாகலயா?”

“அத டாக்டர்தான் சொல்லணும். இன்னைக்கே போங்க. கிளாஸையும் எடுத்துட்டுப் போங்க.”

சிரித்தார். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தார். போகும்போது திரும்பி, “ப்ரான்கிட்ட மட்டும் சொல்லிடாதய்யா. உடைஞ்சு போயிடுவா” என்றார்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து போனபோது இருந்ததைவிட இதயம் ஒன்றும் மோசமாகவில்லை என்றாராம். பிறகு கிளாஸைத் தூக்கிப் பார்த்து, “இதுக்குப் பேரா உங்க வீட்டுல ஒரு கப்பு?” என்று கேட்டாராம்.

7.

அடுத்த நாள் காலை, அவர்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து மோக்கா பானை குமுறும் சத்தம் கேட்டது. ஷெட்டில் யாரோ கிறிஸ்துமஸ் விளக்குகளை நகர்த்தியிருக்கிறார்கள்.

வேலிக்கு மேல் கிளாஸ் வந்தது. பிடித்திருந்த விரல்களில், நகக்கண்ணில் மண்.

“பாதிக்குப் பாதி தண்ணி ஊத்தியிருக்கேன்” என்றாள் ப்ரான். “இது உள்ள போனாத்தான் உனக்கு எழுத வருதாமே.”

கிளாஸை வாங்கிக்கொண்டேன். “உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது, ப்ரான்?”

அவள் தன் சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். அங்கிருந்து வேலி முழுதும் தெரியும். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரெனாட்டோ ராத்திரி சாப்பாட்டின்போது சொல்லியிருக்கலாம். டாக்டர் போன் செய்திருக்கலாம். இல்லை, முதல் கிளாஸ் வேலி தாண்டியதையே அவள் பார்த்திருக்கலாம். பிடிக்காத காபியைக் கணவன் மறைக்கிறான் என்று எண்ணி, அவன் நன்றி சொல்வதைத் தினமும் நின்று கேட்டிருக்கலாம்.

“கதை எழுதறவன் நீ. எது சரின்னு படுதோ எழுதிக்கோ” என்றாள். “ஒண்ணு மட்டும் மாத்தாத. ரென் தினமும் நன்றின்னான். அது பொய்யில்ல. காபிக்காகச் சொல்லலன்னு எனக்குத் தெரியும்.”

அதனால் அவளுக்கு எப்போது தெரிந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. மூன்றில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவதாக ஒன்று தோன்றினால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு தூரம் கூட வந்ததற்கு அதையாவது தரவேண்டும்.

அவள் போகவில்லை. வேலியில் கைவைத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வாய் குடித்தேன். தண்ணீர் கலந்து சப்பென்று இருந்தது.

“அருமை, ப்ரான்” என்றேன். “நன்றி.”

ரெனாட்டோ சொன்ன அந்த முகத்தை நானும் பார்த்துவிட்டேன்.