ஆண்டாயி வீட்டுக் குடம்

எனக்கு வாயும் அதிகம், தாகமும் அதிகம். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன ஒருத்திக்கு இரண்டுமே ஆகாது. வாரத்தில் மூன்று நாள் அரியலூருக்குப் பஸ் ஏறிப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவேன். மற்ற நாட்களில் செந்துறையில் இ-சேவை மையத்தில் வேலை. ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் எனக்கு அளவு. டீயும் ரசமும்கூட அதில்தான் சேரும். மீறிக் குடித்தால் வெளியே போக வழியில்லாமல் நெஞ்சில் போய் நிற்கும். அப்படி நின்று மூச்சு முட்டி ஒருமுறை ஆம்புலன்ஸில் போயிருக்கிறேன். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வயசுப் பெண்கள் போனை எதற்கெதற்கோ பார்ப்பார்கள். என் விதி, ஒரு சிறுநீரகத்துக்காகப் பார்த்தேன்.

மையத்தில் என் பக்கத்து நாற்காலி கலையரசிக்கு. அவளுடைய அம்மா ஆண்டாயி எங்கள் தெருக்காரர்கள் நிலத்தில் களையெடுத்தே காலம் தள்ளியவர். இப்போது மகன் அறிவரசன் சொந்தமாகக் கார் வைத்து ஓட்டுகிறான். அரியலூர் ரோட்டோரம் புது வீடு கட்டிக் குடிபோனார்கள். கலையரசி கூப்பிட்டு நான் போகாமல் இருப்பேனா? சித்திரை வெயிலில் போய் இறங்கினேன்.

வாசலிலேயே ஆண்டாயி சொம்போடு வந்தார்.

"வாங்க பாப்பா. வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க."

பானைத் தண்ணீர். சொம்பு வெளியே வியர்த்திருந்தது. பார்த்ததுமே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் அன்றைக்கான பாட்டிலைக் காலையிலேயே முடித்திருந்தேன். ஒரு வாய் குடித்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு வாயோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை.

"வேணாம்மா. எனக்குக் கிட்னி கெட்டுப்போச்சு. தண்ணி குடிக்கக் கூடாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நீர் கோத்து உப்பின முகம் எனக்கு. தெரியாதவர்களுக்குச் சதை போட்டதாகத்தான் தோன்றும்.

"ஆளு நல்லாத்தான இருக்கீங்க," என்றார். "பரவால்ல பாப்பா. எங்க வூட்டுக்கு வர்ற உங்க தெரு ஆளுங்களுக்கெல்லாம் வாசப்படியிலதான் வவுத்து வலி வரும். நான் பாக்காததா?"

"அம்மா, நெசமாவே அவளுக்கு..." என்றாள் கலையரசி.

"நீ சும்மா இரு."

எங்கள் தெருக்காரர்கள் ஆண்டாயி தெரு ஆட்கள் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். காலமெல்லாம் சாக்குச் சொல்லக் கேட்டவர் என் வார்த்தையை ஏன் நம்ப வேண்டும்? அவர்மேல் கோபப்பட எனக்கு வழியே இல்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

"எனக்கு வேற கிட்னி வைக்கட்டும். அன்னைக்கு வந்து உங்க குடத்தையே காலி பண்றேன், பாத்துக்கிட்டே இருங்க."

"பாப்போம், பாப்போம்," என்று சொம்பை உள்ளே கொண்டுபோய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுதேன். நோய் என்னைப் படுக்கவைத்தபோதுகூட அப்படி அழவில்லை.

ஆடி மாதம் ஒரு மதியம். யாரோ ஒருவரின் கைரேகை மெஷினில் விழ மாட்டேன் என்று அடம்பிடித்தது. மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. திருச்சி ஆஸ்பத்திரி.

"ஒரு சிறுநீரகம் கெடைச்சிருக்கு. உடனே கிளம்பி வாங்க. இனிமே எதுவும் சாப்பிடாதீங்க, தண்ணிகூடக் குடிக்காதீங்க."

இப்படி ஒருமுறை கூப்பிட்டு, எனக்குப் பொருந்தாமல் திரும்பி வந்திருக்கிறேன். கலையரசிதான் அண்ணனுக்குப் போன் போட்டாள். அறிவரசன் காரில் என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு பறந்தான். அவர்கள் வீடு வரும்போது வேகத்தைக் குறைத்தான்.

எதிரே ஆண்டாயி நடந்து வந்தார். இடுப்பில் குடம், தளும்பத் தளும்பத் தண்ணீர்.

"என்ன இது, அம்மா குறுக்க வருது?" என்றேன்.

"நெறகுடம் எதுத்தாப்புல வந்தா போற காரியம் ஜெயிக்கும்ல," என்றான் அறிவரசன். "கலை போன்ல சொன்னுச்சாம். அதான் தூக்கிக்கிட்டு வருது."

ஆண்டாயி ஜன்னலோரம் வந்தார். சேலையெல்லாம் நனைந்திருந்தது.

"இன்னைக்குக் குடிக்கச் சொல்ல மாட்டேன் பாப்பா. இந்தக் குடம் இங்கதான் இருக்கும். வந்து காலி பண்ணுங்க."

கார் கிளம்பியதும் அந்தக் குடத்தையே திரும்பிப் பார்த்துக்கொண்டு போனேன்.

இந்த முறை பொருந்தியது. மயக்கம் தெளிந்து பார்த்தால் கட்டிலோரம் தொங்கிய பை மஞ்சளாக நிறைந்துகொண்டிருந்தது. என் மூத்திரம்! அம்மா அந்தப் பையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. சாவு விழுந்த, முகம் தெரியாத ஒரு வீட்டில் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உயிர் அது. அவர்களை நினைத்து நானும் கும்பிட்டேன்.

டாக்டர் வந்து, "தண்ணி நிறையக் குடிக்கணும்மா. காய்ச்சி ஆற வச்சதா குடி. கொறைச்சா திட்டுவேன்," என்றார். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். அவருக்குக் காரணம் புரியவில்லை.

வெளியே போகலாம் என்று அனுமதி கிடைத்தபோது தை பிறந்திருந்தது. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நேரே ஆண்டாயி வீட்டுக்குத்தான் போனேன். வாசலில் என்னைக் கண்டதும் உள்ளே ஓடி அதே குடத்தைத் தூக்கி வந்தார். பளபளவென்று தேய்த்திருந்தது. அதன் வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்.

"காய்ச்சி ஆற வச்சது. கலை எல்லாஞ் சொல்லிருக்கு. பயப்படாம குடி."

சொம்பில் மொண்டு கொடுத்தார். எங்கள் பக்கம் அடுத்த வீட்டுச் சொம்பில் வாய் படாது, அண்ணாந்துதான் குடிப்பார்கள். நான் மாஸ்க்கை இறக்கி, வாய் வைத்தே குடித்தேன். ஒரே மூச்சில் ஒரு சொம்பு. நீட்டினேன், ஊற்றினார். இரண்டாவதையும் இறக்கினேன். கழுத்தெல்லாம் வழிந்தது. உலகத்திலேயே நான்தான் பெரிய ஆள் என்று இருந்தது.

"மெதுவா குடிடி, பொரையேறிடப் போவுது," என்றார் ஆண்டாயி. முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "நெசமாவே குடத்த காலி பண்ணிடுவ போலருக்கே."

வெறும் சொம்பை மறுபடி நீட்டினேன்.

"பாப்போம்னு சொன்னீங்கள்ல? ஊத்துங்கம்மா."