முந்நூற்று நாற்பத்தோராம் நாள்

ஆறு மணிச் சங்கு ஊதுவதற்கு முன்பே உலை வெள்ளையாகக் கனன்றுகொண்டிருந்தது. பாபு நீண்ட இடுக்கியால் ஒரு இரும்புக் கட்டையை இழுத்து, இரும்பை அடித்து வடிக்கும் ஹாமர் மெஷினின் அடியில் வைத்தான். முதல் அடி விழுந்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்தக் கொட்டகை முழுதும் குலுங்கியது. கட்டையின் மேல்தோல் சிவந்த செதில்களாகத் தெறித்தது. இரண்டாவது அடி. மூன்றாவது. பாபுவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பத்தடி தள்ளி வேம்புலி, ஆறிப்போன செதில்களை விளக்குமாறால் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வருஷம் அந்த ஹாமர் முன்னால் நின்றவன். இப்போது இடது காலில் இரண்டு விரல் இல்லை. தரை அதிர்வதை மற்றவர்கள் காலால் அறிந்தார்கள். வேம்புலி பல்லால் அறிந்தான். சர்க்கரை வியாதியில் பாதங்கள் மரத்துப்போய் நாலு வருஷம் ஆகிறது. அதைப் பற்றி அவனுக்கு வருத்தம்கூட வருவதில்லை. வருத்தப்படுகிற இடமும் சேர்ந்தே மரத்துவிட்டதோ என்னவோ.

கேட்டைத் தாண்டியதும் ஒரு கரும்பலகை. ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று மேலே பெயிண்டில் எழுதியிருக்கும். கீழே சாக்பீஸில் எண். காலையில் முதலில் வருகிறவர் பழையதை அழித்து ஒன்று கூட்டி எழுத வேண்டும் என்பது இங்கே வழக்கம். வெளிநாட்டுக் கஸ்டமர் வந்தால் மனோகரன் முதலாளி முதலில் காட்டுவது அதைத்தான். நூறு நாள் ஆனால் எல்லோருக்கும் பிரியாணி. இருநூறுக்கு ஆளுக்கொரு குக்கர். முந்நூற்று அறுபத்தைந்துக்கு கிரைண்டர் என்று சொல்லியிருந்தார். ஒரு காயம் பதிவானால் போதும், எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஆகவே இந்தக் கம்பெனியில் யாருக்கும் காயம் படுவதில்லை. பட்டால் அவரவர் வீட்டில்தான் படும்.

பலகையில் நூற்று எண்பத்தேழு என்று இருந்த நாளில் வேம்புலிக்கும் அப்படித்தான் வீட்டில் பட்டது. ஹாமர் அடியில் தெறித்த செதில் ஒன்று அவனுடைய ஷூவுக்குள் விழுந்தது. அவன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தான். பாபுதான் மூக்கைச் சுளித்தான்.

“அண்ணாத்தே, இன்னாமோ கருகுது. யோவ், உன் ஷூ பொகையுதுய்யா!”

கழற்றிப் பார்த்தால் சாக்ஸ் வெந்து பெருவிரலோடு ஒட்டியிருந்தது. வேம்புலி அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தான்.

முதலாளி கேட்கவில்லை, சூப்பர்வைசர் மிரட்டவில்லை. வேம்புலியே சொன்னான்: “வலியே இல்லடா. இதுக்குப் போயி போர்ட அழிப்பாங்களா? குக்கருக்கு இன்னும் பதிமூணு நாளுதான் கீது.” வீட்டில் வெந்நீர் கொட்டிக்கொண்டதாக அவனே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். தெரியும் என்று பாபு சாட்சி போட்டான். பினிஷிங் செக்‌ஷன் யுவராணியும் போட்டாள். இருநூறாம் நாள் குக்கர் வந்தது. அதை வாங்கிப்போக வேம்புலி வரவில்லை. அன்றைக்கு அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். விரல்களை எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நெமிலிச்சேரியில் அவன் மனைவி பேபி அந்தக் குக்கரில்தான் இன்றைக்கும் சோறு வைக்கிறாள். விசில் அடிக்கும்போது மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுவாள்.

சிக் லீவுப் பணம் தொண்ணூற்றொரு நாளோடு நின்றது. பிறகுதான் வேம்புலி ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு அலைந்தான். முந்தாநாள் கவுண்டரில் இருந்த அம்மா பொறுமையாகவே சொன்னார்.

“சர்க்கரைக்குன்னு ஊன உதவித்தொகை கிடையாதுங்க. வேலையில அடிபட்டு உறுப்பு போனா உண்டு, ஆயுசுக்கும் மாசாமாசம் வரும். ஆனா உங்க ஆஸ்பத்திரி சீட்டுல வீட்டில் வெந்நீர்னு இருக்கே? கம்பெனி விபத்து ரிப்போர்ட் வேணும். அவங்க தரலன்னா, கூட வேலை செஞ்சவங்க பார்த்ததை எழுதிக் குடுங்க. விசாரணைக்கு அனுப்பலாம்.”

வேம்புலி தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நின்றான். எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. நேற்றுதான் சூப்பர்வைசரிடம் போய் விபத்து ரிப்போர்ட் கேட்டான்.

இன்று டீ இடைவேளையில் முதலாளி அவனைக் கூப்பிட்டனுப்பினார். ஏ.சி. அறை, செருப்பை வாசலில் விட்டுத்தான் போக வேண்டும். மனோகரன் கெட்ட வார்த்தை பேசுகிற ஆள் இல்லை. மேஜை மேல் அந்தத் தாளை எடுத்து வைத்தார்.

“இது யாரு கையெழுத்து வேம்புலி?”

“என்னுதுதான் சார்.”

“நானா எழுதச் சொன்னேன்?”

“இல்ல சார்.”

“அப்புறம் விபத்து ரிப்போர்ட் குடுன்னு எப்படி வந்து நிக்கிற? உன் ஒடம்புல சக்கரை. எறும்பு கடிச்சாலும் உனக்கு விரல் போகும். அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?”

“செதிலு ஷூவுல உழுந்துச்சு சார். பத்து பேரு பாத்தாங்க.”

“பார்த்தவங்க ரெண்டு பேரு இதுல கையெழுத்து போட்டிருக்காங்களே. இப்ப மாத்திச் சொன்னா அது பொய்க் கையெழுத்துன்னு ஆகும். பொய்க் கையெழுத்து போட்டவனை நான் வேலையில வெச்சுக்கணுமா? யோசி.” தாளை மடித்தபடியே சொன்னார். “கூட்டறதுக்கு ஹாமர்மேன் சம்பளம் குடுக்க முடியாது. மாசக் கடைசிக்குள்ள ஹாமர்ல நில்லு. இல்லைன்னா நீயே எழுதிக் குடுத்துட்டுப் போ.”

வேம்புலிக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. வெளியே வந்து புங்கமரத்தடியில் உட்கார்ந்தான். பாபு டீ டம்ளரை அவன் கையில் வைத்தான்.

“இன்னா சொன்னாரு?”

“ஒண்ணுமில்ல.”

“மூஞ்சப் பாத்தா ஒண்ணுமில்லாத மாதிரியா கீது? சொல்லு அண்ணாத்தே.”

சொன்னான். கவுண்டர் அம்மா சொன்னதை, முதலாளி சொன்னதை, பொய்க் கையெழுத்து என்பதை. கடைசியில், “நீங்க யாரும் எனக்காக எழுத வேணாம். கிரைண்டருக்கு இன்னும் இருபத்தி நாலு நாளு கீது. நான் பண்ண தப்பு. நானே பாத்துக்கறேன்,” என்றான்.

பாபு தரையைப் பார்த்தான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். வேலை போனால் அடுத்த மாதமே வாடகை நிற்கும். அவன் பயந்ததில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

யுவராணிதான் கையுறையைக் கழற்றினாள். வலது நடுவிரலில் நகம் இல்லை, நுனி மழுங்கியிருந்தது.

“அண்ணே, இது எங்க பட்டதுன்னு எழுதிக் குடுத்தேன் தெரியுமா? எங்கூட்டு பீரோ கதவுல. எங்கூட்டுல பீரோவே கெடயாது.”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. உலைக்குக் கட்டை ஏற்றும் தினகரன் பேன்ட்டைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே கருத்த வடுவைக் காட்டினான். “பைக் சைலன்ஸர்ல சுட்டுக்கினேன்னு எழுதுனது. எனக்கு ஏது பைக்கு?” ஒருவன் காதைக் காட்டினான். இன்னொருவன் சட்டையைத் தூக்கினான். டீ ஆறிக்கொண்டிருந்தது. சங்கு ஊதியும் உடனே யாரும் எழவில்லை.

“அப்ப அந்த போர்டுல நெசமா இன்னா நம்பர் எழுதணும்?” என்று பாபு கேட்டான்.  

மறுநாள் காலை ஐந்தரைக்கே பாபு கேட்டில் நின்றிருந்தான். வேம்புலி ரயிலிறங்கி வந்து சேர்ந்தபோது முந்நூற்று நாற்பத்தொன்று அழிந்திருந்தது. அந்த இடத்தில், சாக்பீஸ் பொடி உதிர, பெரிதாக ஒரு பூஜ்யம்.

“இன்னாடா பண்ணிக்கீற?” என்றான் வேம்புலி. அவன் குரல் நடுங்கியது. அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

“மொதல்ல வந்தவன் எழுதணும். எழுதனேன்.”

பத்தரை மணிக்குக் கம்பெனி ஆட்கள் முப்பத்தாறு பேரும் ஏ.சி. அறை வாசலில் செருப்பையும் ஷூவையும் விட்டார்கள். உள்ளே இடமில்லாமல் பாதிப் பேர் நடையில் நின்றார்கள். யுவராணி ஒரு தாளை மேஜை மேல் வைத்தாள். யார் யாருக்கு, எந்த நாள், எந்த மெஷினில் என்று வரிசையாக இருந்தது. முதல் பெயர் வேம்புலி.

மனோகரன் மெதுவாகப் படித்தார். “கிரைண்டர் வேணாமா உங்களுக்கு?”

“வேணும் சார். வெரலும் வேணும்,” என்றாள் யுவராணி.

“கையெழுத்து போட்டதெல்லாம் பொய்யின்னு நீங்களே சொல்றீங்க. முப்பத்தாறு பேரையும் என்னால வெளிய அனுப்ப முடியும்.”

“ஹாமர்ல யாரு சார் நிப்பாங்க?” பாபு குரலை உயர்த்தவில்லை. “அண்ணாத்தேக்கு ரிப்போர்ட் குடுங்க. காலு சரியில்லாதவருக்கு ஒக்காந்து செய்யற வேலை குடுங்க. அவ்ளோதான் கேக்கறோம். நீங்க குடுக்கலன்னா இந்தத் தாளு ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்குப் போவும். காப்பி எங்ககிட்ட கீது.”

“மதியம் வெளிநாட்டுக் கஸ்டமரோட ஆடிட்டர் வர்றாரு. அதுக்குள்ள பழைய நம்பரை எழுதிடுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்.”

“மொதல்ல பேசலாம் சார்,” என்றான் வேம்புலி. பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் அவன் கேட்காமல் பேசிய முதல் வார்த்தை அது.

மனோகரன் தொலைபேசியை எடுத்தார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம். எல்லோரும் வெளியே வந்து முற்றத்தில், பலகைக்கு எதிரே நின்றார்கள். கொட்டகைக்குள் ஹாமர் அடிக்கவில்லை. என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. போலீஸ் வரலாம், பூட்டுப் போடலாம், ஒன்றுமே நடக்காமலும் போகலாம். வெயில் ஏறி முற்றத்து சிமெண்ட் தரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. வேம்புலி பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பேபிக்குப் போன் போட்டு என்ன சொல்வது என்று யோசித்தான்.

பாபு திடீரென்று குனிந்தான்.

“அண்ணாத்தே, செருப்பு எங்க?”

வேம்புலி கீழே பார்த்தான். வெறுங்கால்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தைச் செருப்பு அந்த அறை வாசலிலேயே கிடந்தது. போட்டுக்கொள்ளவில்லை என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

“தரை சுடுதா?” என்று கேட்டான்.

“உனக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியுது. நகரு.”

யுவராணி செருப்புக்காக ஓடினாள். தினகரன் தன் ஷூவைக் கழற்றிப் போட்டு, “இதும்மேல ஏறி நில்லுண்ணே,” என்றான். பாபு தோளைக் கொடுத்தான். வேம்புலி ஒரு காலைத் தூக்கி வைத்தான், பிறகு மற்றதையும். கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளாமல் நின்றான். முதலாளி அறையின் கதவு இன்னும் திறக்கவில்லை. முப்பத்தாறு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.